எக்ஸ்டென்ஷன் நிறுவியை எளிமையாக வடிவமைப்பது எப்படி? பிஎச்பியை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

வண்ணாரப்பேட்டை ஜவுளிக் கடைகள், தண்டையார்பேட்டை மளிகை மொத்த வியாபாரிகள் என்று நாங்கள் பில்லிங் மென்பொருள் கொடுக்கும் இடங்களில் எல்லாம் ஓடுவது பிஎச்பிதான். ஸ்டிக்கரில் பார்கோடு வரைய ஜிடி, சரக்குப் பெயர்களைத் தமிழ் அகர வரிசையில் அடுக்க இன்டிஎல், கவுன்ட்டர்களுக்கு இடையே தகவலைச் சட்டென்று பகிர ரெடிஸ் என ஒவ்வொரு கணினியிலும் சில எக்ஸ்டென்ஷன்கள், அதாவது நீட்சிகள், தேவைப்படும். வியாசர்பாடியிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் நிரல் எழுதும்போது சிக்குவதைவிட இந்த நீட்சிகளைப் போடும்போதுதான் அதிகம் சிக்குகிறார்கள்.

நீட்சிகளைப் போட்டுத்தரும் நிறுவியை எந்த வரிசையில் கட்டினால் அவர்கள் தடுமாற மாட்டார்கள் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு விதியை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டு முடிக்கும் வரை நிறுவி கணினியில் ஒரு கோப்பையும் தொடக் கூடாது. கீழே வரும் படிகளில் பாதி இந்த விதியிலிருந்தே பிறக்கின்றன.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று சோதனைச் சூழல்கள் வேண்டும். இரண்டு பிஎச்பி பதிப்புகள் அருகருகே உள்ள ஓர் உபுண்டு லினக்ஸ், ஆல்பைன் லினக்ஸில் ஓடும் ஒரு டாக்கர் கன்டெய்னர், பிஎச்பியும் அப்பாச்சி வெப் சர்வரும் சேர்ந்து வரும் எக்ஸாம்ப் போட்ட ஒரு விண்டோஸ் கணினி. உபுண்டுவில் ஒரே பதிப்பு இருந்தால் நிறுவி எப்போதும் சரியாக வேலை செய்வது போலவே தெரியும். கோளாறு வெளிவருவது இரண்டாவது பதிப்பு இருக்கும்போதுதான்.

அடுத்து, மூன்று நீட்சிகளை எந்த நிறுவியும் இல்லாமல் கையால் போட்டுப் பாருங்கள். வெளி நூலகம் (பிறர் எழுதிய நிரல் தொகுப்பு) எதையும் கேட்காத ஏபிசியு, இமேஜ்மேஜிக் நூலகத்தைக் கேட்கும் இமேஜிக், மற்றவற்றைவிட வேறு விதமாக ஏற்றப்படும் எக்ஸ்டீபக். மூன்றும் மூன்று வெவ்வேறு இடங்களில் உடையும். அந்த இடங்களைக் கையால் தொட்டுப் பார்க்காதவர் எழுதும் நிறுவி, ஏபிசியுவுக்கு மட்டும் வேலை செய்யும் நிறுவியாகவே முடியும்.

முழுக்கப் புதிதாக எழுத வேண்டுமா என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள். பிஎச்பி ஃபவுண்டேஷனின் ‘பை’ என்ற நிறுவி 2025-இல் 1.0 பதிப்பை எட்டியது. பேக்கேஜ் தேடலையும், மூல நிரலிலிருந்து நீட்சிக் கோப்பைக் கட்டுவதையும், அதாவது கம்பைல் செய்வதையும், அது பார்த்துக்கொள்கிறது. அதை அடியில் வைத்துக்கொண்டு உங்கள் சோதனைகளையும் தமிழ்ச் செய்திகளையும் மேலே கட்டுவதுதான் என் பரிந்துரை. அப்படிக் கட்டினாலும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

2. எந்த பிஎச்பிக்கு என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள்

மொத்த வேலையிலும் அதிகம் சொதப்பும் இடம் இது. அதனால் கொஞ்சம் நீளமாகவே பார்ப்போம்.

நிறுவியை ஓட்டுகிற பிஎச்பி வேறு, நீட்சி போய்ச் சேர வேண்டிய பிஎச்பி வேறு. நிறுவி 8.3-இல் ஓடலாம், கடையின் மென்பொருள் 8.1-இல் இருக்கலாம். நிறுவி தன் சொந்தப் பதிப்பை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினால், நீட்சி ஒழுங்காகக் கம்பைல் ஆகி, தவறான கோப்புறையில் போய் உட்காரும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் கொடுமை.

எனவே இலக்கு பிஎச்பியின் இருமக் கோப்பையே, அதாவது ஓடும் நிரலையே, ஓட்டி அதன் வாயாலேயே விவரங்களைக் கேளுங்கள். பதிப்பு எண், 32 பிட்டா 64 பிட்டா, த்ரெட் சேஃப் வகையா (ஒரே நிரலுக்குள் பல வேலைகள் இணையாக ஓட ஏற்றது) இல்லையா, டீபக் பில்டா (பிழை தேடுவதற்கென்று கட்டியது), நீட்சிக் கோப்புறை எது, ஏபிஐ எண் என்ன. இந்த ஆறும் கிடைத்தால் போதும். ஒன்று பொருந்தாவிட்டாலும் நீட்சி ஏறாது.

ஏபிஐ எண் என்பது நீட்சி இந்த பிஎச்பிக்கு ஒத்துப்போகிறதா என்று காட்டும் எண், பார்க்கத் தேதி போலவே இருக்கும். 8.1-க்கு 20210902, 8.2-க்கு 20220829, 8.3-க்கு 20230831, 8.4-க்கு 20240924. டெபியன், உபுண்டு இரண்டிலும் நீட்சிக் கோப்புறையின் பெயரே இந்த எண்தான். புதியவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டால், தப்பான இடத்தில் கோப்பு இருப்பதை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கோப்புறையைக் கேட்கும்போது ஒரு நுணுக்கம். கம்பைல் செய்தபோது பதிந்த மாறிலி ஒன்று இருக்கும், பிஎச்பியின் அமைப்புகளை எழுதிவைக்கும் ஐஎன்ஐ கோப்பில் உள்ள மதிப்பு இன்னொன்று இருக்கும். நடைமுறையில் செல்லுபடியாவது ஐஎன்ஐயில் உள்ளது. எக்ஸாம்ப் இந்த மதிப்பைத் தனக்கேற்ப மாற்றி வைத்திருப்பதால், மாறிலியை நம்பினால் விண்டோஸில் கோட்டை விடுவீர்கள்.

அப்புறம் ‘பிஎச்பி-கான்ஃபிக்’ என்ற துணைக் கருவி. கம்பைல் செய்யும்போது பாதைகளை எல்லாம் இதுதான் சொல்லும். உபுண்டுவில் பிஎச்பி கட்டளை 8.3-ஐச் சுட்ட, பிஎச்பி-கான்ஃபிக் 8.1-ஐச் சுட்டுவது சாதாரணமாக நடக்கும். இரண்டையும் பதிப்பு கேட்டு ஒப்பிட்டு, ஒத்துவராவிட்டால் நிறுவி அங்கேயே நின்றுவிட வேண்டும். ‘எதற்கும் முயன்று பார்ப்போம்’ என்ற தாராளம் இங்கே வேண்டாம்.

இதெல்லாம் முடிந்ததும் ஒரே வரியில் திரையில் காட்டுங்கள்: ‘பிஎச்பி 8.3, 64 பிட், த்ரெட் சேஃப் அல்ல. இதற்குத்தான் போடப்போகிறேன், சரியா?’ கணினியில் ஒன்றுக்கு மேல் பிஎச்பி இருந்தால் மட்டும் கேளுங்கள். ஒன்றே இருந்தால் காட்டிவிட்டு மேலே போய்விடலாம். தேவையில்லாத கேள்வி கேட்டால் எல்லாக் கேள்விக்கும் படிக்காமலே என்டர் தட்டும் பழக்கம் வந்துவிடும்.

3. போட வேண்டிய அவசியம் இருக்கிறதா என்று பாருங்கள்

ஜிடியும் இன்டிஎல்லும் பிஎச்பியோடு சேர்ந்தே வருபவை. அவற்றை வெளியே தேடுவது வீண். உபுண்டுவில் அவை தனி பேக்கேஜ்களாக இருக்கின்றன, அதன் பேக்கேஜ் மேலாளரான அப்ட் கட்டளை போதும். எக்ஸாம்பில் கோப்பு ஏற்கெனவே இருக்கும், ஐஎன்ஐயில் அந்த வரிக்கு முன்னால் உள்ள அரைப்புள்ளியை எடுத்தால் சரி. அதிகாரப்பூர்வ பிஎச்பி டாக்கர் இமேஜில் இதற்கென்றே தனிக் கட்டளை உண்டு.

ஆகவே நிறுவி மூன்று கேள்வியை இந்த வரிசையில் கேட்க வேண்டும். ஏற்கெனவே ஏறியிருக்கிறதா? கோப்பு இருந்து இயக்கப்படாமல் இருக்கிறதா? இயங்குதளத்தின் பேக்கேஜ் மேலாளரிடம் கிடைக்கிறதா? மூன்றுக்கும் இல்லை என்றால்தான் நிறுவிக்கு வேலை. அப்ட்-இல் கிடைப்பதை நீங்கள் கம்பைல் செய்து கொடுத்தால், பாதுகாப்புத் திருத்தம் வரும்போது அதைப் புதுப்பிக்கும் பொறுப்பும் உங்கள் தலையில்தான் விழும்.

4. நீட்சியின் விவரக் கோப்பு

இதற்கெனப் புது வடிவம் உருவாக்காதீர்கள். பிஎச்பி பேக்கேஜ்களை நிர்வகிக்கும் கம்போசரின் விவரக் கோப்பிலேயே பிஎச்பி நீட்சி என்று வகையைக் குறிப்பிட இடம் இருக்கிறது, ‘பை’ நிறுவியும் அதைத்தான் படிக்கிறது. நீட்சியின் பெயர், தேவைப்படும் பிஎச்பி பதிப்பு, த்ரெட் சேஃப் ஆதரவு, ஏற்றும் முன்னுரிமை, கம்பைல் விருப்பங்கள் எல்லாம் அதில் அடங்கும்.

பேக்கேஜ் பெயரும் நீட்சியின் பெயரும் ஒன்றாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். ‘பிஎச்பிரெடிஸ்’ என்ற பேக்கேஜ் தரும் நீட்சியின் பெயர் வெறும் ‘ரெடிஸ்’. பேக்கேஜ் பெயரை வைத்து ஏறிவிட்டதா என்று சோதித்தால், நன்றாக ஏறியிருக்கும் நீட்சியையும் இல்லை என்பீர்கள்.

விவரக் கோப்பில் இல்லாத ஒன்றை நீங்கள் சேர்க்க வேண்டியிருக்கும்: எந்த இயங்குதளத்தில் எந்த நூலக பேக்கேஜ் தேவை என்ற அட்டவணை. இமேஜிக்குக்கு டெபியன் குடும்பத்தில் ஒரு பெயர், ஃபெடோராவில் இன்னொன்று, ஆல்பைனில் வேறொன்று. சலிப்பான வேலைதான், ஆனால் புதியவரின் நேரத்தை அதிகம் மிச்சப்படுத்துவது இந்த அட்டவணைதான்.

5. பதிவிறக்கும் முன் எல்லாவற்றையும் சோதியுங்கள்

சி கம்பைலர், மேக், ஆட்டோகான்ஃப், பிஎச்பியின் டெவலப்மென்ட் பேக்கேஜ், நீட்சி கேட்கும் நூலகத்தின் ஹெடர் கோப்புகள் (கம்பைல் செய்யும்போது படிக்கப்படும் அறிவிப்புக் கோப்புகள்), வட்டில் இடம், நீட்சிக் கோப்புறையில் எழுதும் அனுமதி. இவற்றை எல்லாம் ஒரே மூச்சில் சோதித்து, குறைகளை ஒரே பட்டியலாகக் காட்டுங்கள்.

ஒரு குறையைக் கண்டதும் நின்றுவிடும் நிறுவி எரிச்சலூட்டும். ஆட்டோகான்ஃப் இல்லை என்று நிற்கும், அதைப் போட்டால் மேக் இல்லை என்னும், அதையும் போட்டால் ஹெடர் இல்லை என்னும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைக்கு ஒவ்வொரு தடவையும் டேட்டா கரைகிறது. பட்டியலோடு, அந்த இயங்குதளத்துக்குரிய ஒரே கட்டளையை அப்படியே நகலெடுத்து ஒட்டும்படி தந்துவிடுங்கள்.

அந்தக் கட்டளையை நிறுவியே ஓட்டலாமா? கூடாது என்பது என் கருத்து. ரூட் அனுமதியோடு, அதாவது முழு நிர்வாகி அதிகாரத்தோடு, இயங்குதள பேக்கேஜ்களைச் சேர்ப்பது கணினிக்குச் சொந்தக்காரர் எடுக்க வேண்டிய முடிவு. கேட்டுவிட்டு ஓட்டும் வசதி வைத்தால் தப்பில்லை.

கம்பைல் விருப்பங்களைப் பற்றிய கேள்விகளும் இந்த இடத்திலேயே முடிய வேண்டும். நீட்சிகளைப் போடும் பழைய பெக்கல் கட்டளையில் ரெடிஸ் போடும்போது நடுவில் நிறுத்தி, அந்த வசதி வேண்டுமா இந்த வசதி வேண்டுமா என்று கேட்கும். டீ குடிக்கப் போனவர் திரும்பி வந்து பார்த்தால் கேள்வியில் நின்றுகொண்டிருக்கும். தானாக ஓடும் ஸ்கிரிப்ட்டோ அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

6. தயாராகக் கிடைப்பது முதலில், கம்பைல் பிறகு

விண்டோஸில் யாரும் கம்பைல் செய்ய மாட்டார்கள், தயாரான டிஎல்எல் கோப்புதான். அதைத் தேர்வுசெய்ய நீட்சியின் பதிப்பு, பிஎச்பி பதிப்பு, த்ரெட் சேஃப் வகை, விஷுவல் ஸ்டுடியோ பதிப்பு, 32 அல்லது 64 பிட் என்று ஐந்தும் பொருந்த வேண்டும். பிஎச்பி 8.3-க்கு விஎஸ்16, 8.4-க்கு விஎஸ்17. அப்பாச்சிக்குள்ளேயே பிஎச்பியை ஓட்டுவதால் எக்ஸாம்ப் த்ரெட் சேஃப் வகையைத் தருகிறது. புதியவர் பட்டியலில் முதலில் கண்ணில் படுவதை இறக்கிக்கொள்வார். இந்தத் தேர்வை மனிதரிடம் விடவே கூடாது, இரண்டாம் படியில் சேகரித்த விவரங்களை வைத்து நிறுவியே முடிவெடுக்க வேண்டும்.

லினக்ஸில் தயார்க் கோப்பு தருவதாக இருந்தால் சி நூலகத்தைக் கவனியுங்கள். உபுண்டு 24.04-இல் கட்டிய கோப்பு 20.04-இல் ஏறாமல் போகலாம், ஏனென்றால் ஜிலிப்சி என்ற அந்த நூலகத்தின் பதிப்பு 2.39-லிருந்து 2.31-க்கு இறங்குகிறது. நீங்கள் ஆதரிக்கும் மிகப் பழைய இயங்குதளத்தில் கட்டினால் புதியவற்றிலும் ஓடும். ஆல்பைனுக்கு இதுவும் உதவாது. அங்கே இருப்பது மஸ்ல் என்ற வேறொரு சி நூலகம், அதற்குத் தனியாகத்தான் கட்ட வேண்டும்.

இறக்கிய கோப்பின் ஷா-256 மதிப்பை (கோப்பின் கைரேகை போன்ற எண்) சரிபார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். பாதியில் நெட் போய் அறுந்த ஜிப் கோப்பும் இதில் பிடிபடும். சரியாக வந்த கோப்பைத் தற்காலிகச் சேமிப்பில் வைத்திருங்கள், அடுத்த கடையில் அதே வேலைக்குத் திரும்ப இறக்க வேண்டாம்.

7. கம்பைல் செய்வது சாதாரணப் பயனராக

நீட்சியைக் கட்டும் பிஎச்பிஐஸ், கான்ஃபிகர், மேக் என்ற மூன்று கட்டளைகளுக்கும் ரூட் தேவையில்லை. முழு நிறுவியையும் ரூட் அதிகாரம் தரும் சூடோ போட்டு ஓட்டச் சொல்லும் வழிகாட்டிகள் நிறைய உலவுகின்றன. இணையத்திலிருந்து இறக்கிய ஒரு கான்ஃபிகர் ஸ்கிரிப்ட்டை ரூட்டாக ஓட்டுவது, அதை எழுதியவருக்கு உங்கள் கணினியின் சாவியைக் கொடுப்பதுதான். கோப்பை அதன் இடத்தில் வைக்கும் அந்த ஒரு நொடிக்கு மட்டும் அனுமதி கேளுங்கள்.

ஒவ்வொரு முறையும் புதிய தற்காலிகக் கோப்புறையில் கட்டுங்கள். 8.1-க்குக் கட்டிய மிச்சங்கள் கிடக்கும் இடத்திலேயே 8.3-க்கும் கட்டினால் பழைய ஆப்ஜெக்ட் கோப்புகள் கலந்து, புரியாத பிழைகள் வரும். கான்ஃபிகருக்கு எந்த பிஎச்பி-கான்ஃபிக் என்பதை முழுப் பாதையோடு கொடுத்துவிடுங்கள், அதுவாகத் தேடிக்கொள்ள விடாதீர்கள்.

4 ஜிபி நினைவகம் உள்ள பழைய லேப்டாப்பில் எல்லாக் கோர்களையும் ஒரே நேரத்தில் ஓட விட்டால், ஜிஆர்பிசி போன்ற பெரிய சி++ நீட்சிகள் நினைவகத்தைத் தின்றுவிடும். கம்பைலரை லினக்ஸே கொன்றுவிடும். திரையில் ‘கில்டு’ என்று மட்டும் வரும், புதியவர் அதை நிரல் பிழை என்று நினைப்பார். காலியாக உள்ள நினைவகத்தைப் பார்த்து இணை வேலைகளின் எண்ணிக்கையைக் குறைக்கும் வசதி வையுங்கள்.

8. இயக்கும் முன் ஏற்றிப் பாருங்கள்

கம்பைல் வெற்றி என்பது பாதி வெற்றிகூட இல்லை. கட்டிய கோப்பை இன்னும் தற்காலிகக் கோப்புறையில் வைத்துக்கொண்டே, இலக்கு பிஎச்பியை ஓட்டி அந்த ஒரு நீட்சியை ஏற்றச் சொல்லுங்கள். ஏறியதா என்று நீட்சியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

இங்கே நிரல் முடியும்போது தரும் வெளியேறும் குறியீட்டை நம்பக் கூடாது. நீட்சி ஏறாவிட்டால் பிஎச்பி ஓர் எச்சரிக்கையைக் காட்டிவிட்டுத் தன் பாட்டுக்கு ஓடி, கடைசியில் வெற்றி என்பதற்கான சுழியத்தைத் திருப்பித் தரும். குறியீட்டை மட்டும் பார்க்கும் நிறுவி, தோல்வியையும் ‘வெற்றிகரமாக நிறுவப்பட்டது’ என்று பச்சை எழுத்தில் அறிவிக்கும்.

சோதனையை ஐஎன்ஐ கோப்புகள் இல்லாமல் ஒரு முறை, அவற்றோடு ஒரு முறை என இரண்டு விதமாகச் செய்யுங்கள். ஐஎன்ஐ இல்லாமல் ஏறாமல், அவற்றோடு ஏறினால், இந்த நீட்சி இன்னொரு நீட்சியைச் சார்ந்திருக்கிறது என்று பொருள். தரவுத்தளத்தோடு பேச உதவும் பிடிஓ டிரைவர்கள் பெரும்பாலும் அப்படித்தான். அந்தத் தகவல் அடுத்த இரண்டு படிகளில் உதவும்.

9. கோப்பை இடத்தில் வைப்பது

ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் நீட்சிக் கோப்பின் மேலேயே புதியதை எழுதாதீர்கள். வலைப் பக்கங்களுக்கு பிஎச்பியை ஓட்டும் எஃப்பிஎம் அந்தக் கோப்பை நினைவகத்தில் பிணைத்து வைத்திருக்கும், உள்ளடக்கம் மாறியதும் பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே விழுந்துவிடும். அதே கோப்புறையில் வேறு பெயரில் எழுதி, முழுதாக எழுதி முடிந்ததும் பெயரை மாற்றுங்கள். பெயர் மாற்றம் ஒரே நொடியில் முடியும், பழைய கோப்பைப் பிடித்திருக்கும் நிரல்கள் மறுதொடக்கம் வரை அதையே பிடித்திருக்கும். விண்டோஸில் பயன்பாட்டில் உள்ள டிஎல்எல்லின் மேல் எழுதவே விடாது, அப்பாச்சியை நிறுத்தச் சொல்லிவிட்டுத் தொடருங்கள்.

10. இயக்குவது

‘போட்டாச்சுண்ணா, டெர்மினல்ல காட்டுது, பேஜ்ல வரல.’ நான் அதிகம் கேட்கும் புகார் இதுதான்.

காரணம், உபுண்டுவில் கட்டளைவரிக்கும் எஃப்பிஎம்முக்கும் ஐஎன்ஐ கோப்புறைகள் தனித்தனி. டெர்மினலில் ஐஎன்ஐ எங்கே என்று கேட்டால் கட்டளைவரியின் கோப்புறையையே சொல்லும். புதியவர் அதில் வரியைச் சேர்த்துவிட்டு, பிரவுசரில் தேடுவார். நிறுவி கட்டளைவரி பிஎச்பியையும் எஃப்பிஎம் பிஎச்பியையும் தனித்தனியாக விசாரித்து, எந்தெந்த இடத்தில் இயக்க வேண்டும் என்று பட்டியலிட வேண்டும். டெபியன் குடும்பத்தில் இதற்கென்றே உள்ள இயக்கும் கட்டளையைப் பயன்படுத்துவது உத்தமம்.

முதன்மை ஐஎன்ஐ கோப்பைத் திருத்தாதீர்கள். நீட்சிக்கென்று தனியாக ஒரு சிறு கோப்பை எழுதுங்கள். நீக்கும்போது அந்தக் கோப்பை அழித்தால் போதும், கடைக்காரருக்காக யாரோ கையால் செய்த மாற்றங்கள் தப்பிக்கும். சிறு கோப்புகள் அகர வரிசையில் படிக்கப்படுவதால் பெயருக்கு முன்னால் எண் வைக்க வேண்டும். டெபியனில் வழக்கமான நீட்சிகளுக்கு 20, மற்றவை சார்ந்திருக்கும் பிடிஓ போன்றவற்றுக்கு 10. எட்டாம் படியில் கிடைத்த சார்புத் தகவல் இங்கே எண்ணைத் தீர்மானிக்கும்.

எக்ஸ்டீபக், பிஎச்பியின் எஞ்சினோடு நேரடியாக இணையும் சென்ட் நீட்சி வகையைச் சேர்ந்தது, அதை ஏற்றும் வரியே வேறு. வகை விவரக் கோப்பிலேயே இருக்கிறது, படித்து எழுதினால் சரி.

பிறகு எஃப்பிஎம்மை மறுதொடக்கம் செய்ய வேண்டும். ஆனால் நிறுவி தானாகச் செய்யக் கூடாது. தீபாவளி நேரத்தில் கடையில் கூட்டம் நிற்கும்போது சர்வர் மறுதொடக்கமானால் என்ன பேச்சு வாங்குவோம் என்று வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். கட்டளையைக் காட்டுங்கள், ‘இதை ஓட்டும் வரை பழையதே ஓடும்’ என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

11. பிழைச் செய்திகள்

கம்பைலர் கக்கும் முழு வெளியீட்டையும் ஒரு பதிவுக் கோப்பில் சேமியுங்கள். திரையில் மூன்று வரி போதும்: என்ன நின்றது, ஏன் நின்றது, அடுத்து என்ன செய்ய வேண்டும். ஹெடர் கோப்பு இல்லை என்ற பிழை வந்தால், நான்காம் படியின் அட்டவணையில் பார்த்து பேக்கேஜ் பெயரைச் சொல்ல முடியும்.

தமிழில் செய்தி எழுதுங்கள், ஆனால் மூலப் பிழை வரியை மொழிபெயர்க்காமல் அப்படியே கீழே போடுங்கள். தேடுபொறியில் அந்த வரியைப் போட்டால்தான் விடை கிடைக்கும்.

12. நீக்குவதும் புதுப்பிப்பதும்

நிறுவி எழுதிய ஒவ்வொரு கோப்பின் பாதையையும் குறித்து வைக்க வேண்டும். நீக்கும்போது முதலில் ஐஎன்ஐ, பிறகு நீட்சிக் கோப்பு. வரிசை மாறினால் இடைப்பட்ட நேரத்தில் ஓடும் ஒவ்வொரு பிஎச்பியும் எச்சரிக்கை கக்கும்.

பிஎச்பி 8.3-க்குள் சிறு திருத்தங்கள் வரும்போது திரும்பக் கட்ட வேண்டாம், ஏபிஐ எண் மாறுவதில்லை. 8.4-க்குப் போனால் எல்லாவற்றையும் கட்டியாக வேண்டும். பழைய பதிப்பில் எவை இருந்தன என்ற பட்டியலை எடுத்துப் புதிய பதிப்புக்கு ஒரே கட்டளையில் போட்டுத் தரும் வசதி, நாங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம் பயன்படுகிறது.

13. புதியவரை உட்கார வைத்துப் பாருங்கள்

இந்த வேலையே தெரியாத ஒருவரிடம் எக்ஸாம்ப் கணினியைக் கொடுத்து ‘தம்பி, இமேஜிக் போடு’ என்று மட்டும் சொல்லுங்கள். பக்கத்தில் உட்காருங்கள், வாயைத் திறக்காதீர்கள். அவர் எந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு போனை எடுத்துத் தேடுகிறாரோ, அந்தச் செய்தியைத் திருத்துங்கள். பிறகு வேறொருவரிடம் இரண்டு பிஎச்பி உள்ள உபுண்டுவைக் கொடுங்கள். ஒரே ஆளை இரண்டு தடவை பயன்படுத்த வேண்டாம், முதல் தடவையிலேயே அவர் பழகிவிடுவார்.